தராசைப் பறிக்கும் கை கிடங்கின் கதவையும் தட்டட்டும்!

சட்டம் என்றதும் நம் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது ஜீப்பும் தடியும்தான். நமக்காகவும் ஒரு சட்டம் உண்டு, அது நம் சார்பில் ஒரு பெரிய கதவைத் தட்டும் என்ற நம்பிக்கை உழைப்பாளி மனத்தில் எளிதில் முளைப்பதில்லை. ஏன் முளைக்கவில்லை என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம். இரண்டும் நமது சங்க ஆபீசுக்கு ஒரே வாரத்தில் வந்தவை.

முதலாவது: ஆற்றுக்கால் பொங்காலைக்கு முந்திய வாரம். சாலைக் கடைத்தெருவின் ஓரத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்கும் தென்காசிப் பக்கத்து அக்கா ஒருவர். கூட்டம் நெரியும் நாட்கள் அவை. ஆண்டு முழுதும் பட்ட கடனை அந்த நாட்களின் வியாபாரத்தில்தான் கொஞ்சம் குறைக்க முடியும். எடை சோதனைக்கு வந்தவர்கள் அவருடைய மின் தராசைப் பார்த்தார்கள். முத்திரை காலாவதியாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. தராசை எடுத்தார்கள். கூடவே இரண்டு கூடை ஆரஞ்சையும் எடுத்தார்கள். மலையாளத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நகல் கொடுக்கவில்லை. நாம் கூடப் போய்க் கேட்டபோது, "எந்தத் தராசு? என்ன அடையாளம்? பேப்பர் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பேப்பர் இல்லை. அக்கா வட்டிக்கு வாங்கி வேறு தராசு எடுத்தார். ஆரஞ்சைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது: கழக்கூட்டத்தில் கட்டட வேலை செய்யும் நம் தோழர்கள் ஒரே வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள். மூன்று குடும்பங்கள் போனில் பார்த்து, மலிவாக வருகிறதென்று, ஒரே மாதிரியான பிரஷர் குக்கர் வாங்கினார்கள். ஒரு வீட்டில் வால்வு பிய்த்துக்கொண்டு கொதிக்கும் பருப்பு ஒரு சிறுமியின் கையில் கொட்டியது. விற்றவரைப் போனில் பிடிக்க முடியவில்லை. குக்கரில் தர முத்திரையும் இல்லை. அந்தக் குக்கர்கள் இன்னும் எத்தனை ஆயிரம் எந்தக் கிடங்கில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க எந்த ஜீப்பும் புறப்படவில்லை.

காலாவதியான முத்திரைக்குத் தராசு போயிற்று. ஒரு குழந்தையின் கையைச் சுட்ட குக்கருக்கு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. இந்த நிலைமையைப் பற்றித்தான் நாம் இந்த மாதம் பேச வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடைக்காரன் வீட்டுக்குள் நுழைந்து சோதனை போடும் அதிகாரம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள் சட்டம் பதுக்கல் சரக்கைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைக் கலெக்டர் கையில் கொடுத்தது. கலப்படத் தடைச் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. அதன் இடத்தில் இப்போது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எடை, அளவுக்கு 2009ஆம் ஆண்டின் சட்டம் நடப்பில் உள்ளது. இவையெல்லாம் சரக்கைப் பார்த்துப் பிடிக்கும் சட்டங்கள்.

வாங்குகிறவனின் உரிமைக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது 1986இல்தான். அந்தச் சட்டம் ஜில்லா, மாநில, தேசிய அளவில் நுகர்வோர் மன்றங்களை ஏற்படுத்தியது. ஏமாந்தவன் போய் வழக்குப் போடலாம், நஷ்ட ஈடு வாங்கலாம். வழக்கு நடக்கும்போது கணக்குப் புத்தகத்தையோ சரக்கையோ எதிர்த்தரப்பு அழித்துவிடும் என்று தோன்றினால், ஓர் அதிகாரியை அனுப்பிச் சோதனை போட்டு எடுத்து வரச் சொல்லவும் 1987ஆம் ஆண்டின் விதிகளில் இடம் இருந்தது. ஆனால் வழக்குப் போடுவதற்கு முன்பே, யாரோ ஒருவர் ஊருக்காகப் புறப்பட்டுப் போய்க் கிடங்கைத் திறந்து பார்க்க அந்தச் சட்டத்தில் வழி இல்லை.

அந்தக் குறையைப் போக்கவே 2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தில்லியில் ஒரு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தை அது உண்டாக்கியது. அதற்கு ஒரு புலனாய்வுப் பிரிவு, அதன் தலைவராக ஒரு டைரக்டர் ஜெனரல். அத்தோடு 16ஆவது பிரிவு ஒவ்வொரு மாவட்டத்துக் கலெக்டருக்கும் விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது.

நாம் கவனமாகப் படிக்க வேண்டியது 22ஆவது பிரிவு. முதற்கட்ட விசாரணையில் முகாந்திரம் இருப்பதாகத் தெரிந்தபின், டைரக்டர் ஜெனரலோ, அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ, கலெக்டரோ நியாயமான நேரத்தில் எந்த இடத்துக்குள்ளும் நுழையலாம், தேடலாம், தஸ்தாவேஜுகளையும் பொருள்களையும் கைப்பற்றலாம், பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லலாம். இதற்குக் கோர்ட்டு வாரண்ட் வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. "நம்புவதற்குக் காரணம் இருந்தால்" போதும்.

அதே பிரிவு கடிவாளமும் போட்டிருக்கிறது. எடுத்ததைக் குறிப்பெழுதிப் பட்டியல் போட வேண்டும். எடுத்த தஸ்தாவேஜையும் பொருளையும், நகல் எடுத்துக்கொண்டு, 20 நாளுக்குள் உடையவரிடம் திருப்பித் தரவேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சோதனை விதிகள் இதற்கும் பொருந்தும். அந்த விதிகள் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 100ஆவது பிரிவில் இருந்தன. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 103ஆவது பிரிவில் இருக்கின்றன. அக்கம் பக்கத்தில் குடியிருக்கும் சம்பந்தமில்லாத இரண்டு பேரைச் சாட்சியாக அழைக்க வேண்டும். அவர்கள் கண்ணெதிரே சோதனை நடக்க வேண்டும். பட்டியலில் அவர்கள் கையெழுத்துப் போடவேண்டும். இடத்துக்கு உடையவர் கூட இருக்கலாம், அவருக்கு நகல் தரவேண்டும். பெண்ணைச் சோதிப்பதானால் பெண்தான் சோதிக்க வேண்டும். புதிய சட்டத்தின் 105ஆவது பிரிவு சோதனையைப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்யவும் சொல்கிறது.

காரணமே இல்லை என்று தெரிந்தும் ஓர் அதிகாரி வேண்டுமென்றே சோதனை போட்டால், 93ஆவது பிரிவின்படி அவருக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு கூடை கருவாடு வந்து இறங்கினாலும் எடை எழுதாமல், அடையாளம் எழுதாமல், ரசீது போடாமல் அதை நகர்த்த முடியாது. கருவாட்டுக் கூடைக்குக் கிடைக்கும் மரியாதை நம் அக்காவின் தராசுக்கு ஏன் கிடைக்கவில்லை? அவருடைய தராசை எடுத்தது எடையளவுச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தின் சோதனைக்கும் குற்றவியல் நடைமுறை விதிகள் உண்டு. விதி இருந்தது. கேட்பதற்கு நாம்தான் பக்கத்தில் இல்லை.

கிடங்கு திறந்த நாட்கள்

பெரிய இடத்தில் சட்டம் நுழையவே நுழையாது என்று சொன்னால் அது உண்மையாகாது. 2022 ஆகஸ்டில் மத்திய ஆணையம் அமேசான் கம்பெனிக்கு உத்தரவு போட்டது. அதன் வழியாக விற்ற, தர முத்திரை இல்லாத 2,265 குக்கர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. பிளிப்கார்ட் கம்பெனிக்கு 598 குக்கர்கள் விஷயமாக இதேபோல் உத்தரவு போயிற்று. அபராதம் ஆளுக்கு 1 லட்சம். அமேசானுக்கு அந்தக் குக்கர்களின் கமிஷனாக மட்டும் வந்தது 6 லட்சத்துக்கு மேல்! அந்த 1 லட்சம் அவர்களுக்கு உறைத்திருக்குமா? அப்புறமும் வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு தில்லியில் அமேசான் கிடங்கொன்றில் சோதனை போட்டு, முத்திரையில்லாத 3,500க்கு மேற்பட்ட மின்சாரச் சாமான்களைக் கைப்பற்றியது. அவற்றின் மதிப்பு சுமார் 70 லட்சம் ரூபாய் என்று அரசாங்கமே அறிவித்தது. அதே மாதம் நம் தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்துக் கிடங்குகளிலும் சோதனை நடந்தது. இது நுகர்வோர் சட்டத்தின் கீழ் நடந்ததல்ல, 2016ஆம் ஆண்டின் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் நடந்தது. ஆனாலும் நமக்குப் பாடம் ஒன்றே. மனம் வைத்தால் கிடங்கைத் திறக்க முடியும்.

இந்த அதிகாரம் திறமையாக நடந்தாலும் அதன் அடி நம்மீது எப்படி விழுகிறது என்பதை 2018 ஜூனில் பார்த்தோம். பார்மலின் போட்ட மீன் கேரளத்துக்குள் வருகிறதென்று உணவுப் பாதுகாப்பு இலாகா எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளை நிறுத்திச் சரக்கைப் பிடித்தது. நம் பக்கத்தில் அமரவிளையிலும் சோதனை நடந்தது. பிணத்துக்குப் போடும் மருந்தை மீனில் போட்டு விற்பதைப் பிடித்தது நியாயமே. அதைத் தின்பது நம் குழந்தைகளும்தான். ஆனால் அதன் பின் கூடைக்கார அம்மாக்களின் மீனை வாங்க ஆளில்லாமல் போயிற்று. மருந்து போட்டது ஐஸ் கம்பெனியா, மொத்த வியாபாரியா, லாரிக்காரனா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. "தமிழ்நாட்டுச் சரக்கு" என்ற பெயர்தான் முன்னால் நின்றது. சரக்கின் பாவம் மொழியின் தலையில் விழுந்தது.

நம்மவரிடையே இரண்டு கருத்து

சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினால் இரண்டு குரல் கேட்கிறது.

"இந்தச் சோதனைச் சட்டமே வேண்டாம், அது எங்களைப் பிழைக்க விடாமல் செய்கிறது" என்கிறார்கள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார். "தினமும் சோதனை போடட்டும், எங்களுக்குக் கிலோவுக்கு 900 கிராம்தான் கிடைக்கிறது" என்கிறார்கள் கூலிக்காரர்கள். இரண்டு பேரும் நம்மவர்தான். பல வீடுகளில் அண்ணன் விற்கிறான், தம்பி வாங்குகிறான்.

அண்ணாச்சிமாருக்கு நாம் ஒளிவு மறைவில்லாமல் ஒன்று சொல்கிறோம். கள்ளத் தராசு நம்மவரிடமும் உண்டு. எடைக்கல்லின் அடியைக் குடைந்தவன் தமிழனாக இருந்தாலும் அவன் களவாடுவது இன்னொரு தமிழனின் கூலியைத்தான். அவனுக்காகச் சங்கம் பரிந்து பேசாது.

கூலிக்காரத் தோழர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். அதிகாரிக்குக் கேள்வியில்லாத அதிகாரம் கொடுத்தால் அது முதலில் பாய்வது பூட்டில்லாத இடத்தில்தான். தள்ளுவண்டிக்குக் கதவில்லை, காவலாளி இல்லை, வக்கீல் இல்லை. கிடங்குக்கு மூன்றும் உண்டு. மாதக் கணக்குக்கு நாலு கேஸ் காட்ட வேண்டிய அதிகாரி எங்கே போவார்?

அப்படியானால் கிடங்குச் சோதனைக்கும் கோர்ட்டு வாரண்ட் வேண்டும் என்று கேட்கலாமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. வாரண்டுக்கு மனுப்போட்டு உத்தரவு வாங்கி வருவதற்குள் பெரிய முதலாளியின் சரக்கு ஒரு ராத்திரியில் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும். திடீரென்று நுழைந்தால்தான் கள்ளச் சரக்கு அகப்படும்.

ஆனால் வீடு வேறு, கிடங்கு வேறு. நம் பெண்கள் எத்தனையோ பேர் வீட்டில் முறுக்குச் சுற்றுகிறார்கள், அப்பளம் இடுகிறார்கள், மாவரைத்து விற்கிறார்கள். கரிமடத்திலும் ராஜாஜி நகரிலும் ஒரே அறைதான் தொழிற்சாலை, அதுவே சமையலறை, அதுவே மகள் துணி மாற்றும் இடம். 22ஆவது பிரிவு கிடங்கையும் இந்த அறையையும் வேறு பிரித்துப் பார்க்கவில்லை. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், கடைக்குள் அதிகாரி வாரண்ட் இல்லாமல் நுழையலாம். குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் வேண்டும். சாதாரணச் சோதனையானால் கடைக்கே இரண்டு வேலை நாள் முன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் தன் நாட்டுக் குடிசைக்குக் கொடுக்கும் மரியாதையை நம் சர்க்கார் நம் குடிசைக்குக் கொடுக்கக் கூடாதா?

சட்டமே கூட்டம் கேட்கிறது

இப்போது கழக்கூட்டத்துக் குக்கருக்கு வருவோம். தனி ஒருவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நம் ஊர் ஆணையம் வழுதக்காட்டில் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளானால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். புதிய சட்டத்தில் நம்மைப் போன்ற வெளியூர்ப் பிழைப்புக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வாங்கியது எந்த ஊராக இருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம். திருநெல்வேலியில் வாங்கிய மிக்சிக்குத் திருவனந்தபுரத்திலேயே வழக்காடலாம்.

ஆனால் கலெக்டர் புறப்பட்டுச் சோதனைக்கு வரவேண்டுமானால், கேடு ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததாக இருந்தால் போதாது. 16ஆவது பிரிவு, நுகர்வோர் ஒரு கூட்டமாகப் பாதிக்கப்படும் விஷயத்தையே பேசுகிறது. இங்கேதான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. மூன்று குடும்பங்கள் ஒரே குக்கரை வாங்கின. ஒருவர் மட்டும் வந்து நம்மிடம் சொன்னார். மற்ற இருவரும் குக்கரைப் பரண்மேல் போட்டுவிட்டு, "போனது போகட்டும் அண்ணாச்சி, கோர்ட்டுக்கு அலைய முடியாது" என்றார்கள். மூன்று பேரும் மூன்று பில்லோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அது ஒரு கூட்டத்தின் புகார். பிரிந்து நின்றால் பரணில் மூன்று குக்கர்.

கூட்டமாக வா என்று சட்டமே சொல்லும்போது, கூட்டுவதற்காகவே பிறந்த சங்கம் சும்மா இருக்கலாமா?

மொழிக்குப் பயப்பட வேண்டாம்

"மனு மலையாளத்தில் எழுத வேண்டுமே" என்று தயங்குகிறவர்கள் பலர். தோழர்களே, அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை, மத்திய சர்க்காரின் அதிகாரிக்கானால் இந்திய யூனியனில் வழங்கும் எந்த மொழியிலும், மாநில அதிகாரிக்கானால் அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வழங்கவில்லை என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்?

மனு கொடுக்கும் மொழியைவிட, கையெழுத்து வாங்கும் மொழியில்தான் அபாயம் அதிகம். படிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் கையெழுத்துப் போடுவது வெறுந்தாளில் போடுவதற்குச் சமம். மகஜர் எழுதினால், "படித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். படித்துக் காட்டாவிட்டால், "எனக்குப் படித்துச் சொல்லவில்லை" என்று தமிழில் எழுதி அதன் கீழ் கையெழுத்துப் போடுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

கடை வைத்திருப்பவர்கள்: மின் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், கைத்தராசுக்கும் எடைக்கல்லுக்கும் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் முத்திரை போட்டுச் சான்றிதழை வண்டியிலேயே வையுங்கள். சோதனைக்கு வந்தால் எதிர்க்காதீர்கள், ஓடாதீர்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள். சாட்சி இரண்டு பேரைக் கேளுங்கள். பட்டியலின் நகலைக் கேளுங்கள். உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். நகராட்சிக்காரர்கள் இடம் விட்டு விற்றதாகச் சொல்லிச் சரக்கை எடுத்தால் அது வேறு சட்டம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, திரும்பக் கேட்ட அன்றே அழுகும் சரக்கையும், இரண்டு வேலை நாளுக்குள் மற்றச் சரக்கையும் கொடுத்தாக வேண்டும்.

வாங்குகிறவர்கள்: பில் இல்லாமல் வாங்காதீர்கள். போனில் வாங்கினால் அந்தப் பில்லைப் படம் பிடித்து வையுங்கள். கெட்டுப்போன பொருளைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே புகார் சொல்லலாம். அந்தப் புகார் எண்ணைச் சங்கத்திலும் பதியுங்கள்.

சங்கத்தின் சார்பில், கழக்கூட்டம் குக்கர் விஷயமாகக் குடப்பனக்குன்னு சிவில் ஸ்டேஷனில் கலெக்டரிடம் தமிழில் கூட்டுமனு கொடுக்க இருக்கிறோம். அதில் நான்கு கோரிக்கை சேர்க்கிறோம். நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்த புகார் எத்தனை, விசாரித்தது எத்தனை, சோதனை போட்டது எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சாலைக் கடைத்தெருவிலேயே தராசு முத்திரை முகாம் நடத்த வேண்டும். தமிழரிடம் கைப்பற்றும் பொருளின் பட்டியலைத் தமிழிலும் தரவேண்டும். குடியிருக்கும் வீட்டில் சோதனை போட மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் வேண்டும் என்று சட்டத்தைத் திருத்த மேலிடத்துக்கு எழுத வேண்டும்.

இதே குக்கரை வேறு யாரேனும் வாங்கியிருந்தால், பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரணிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க ஆபீசுக்கு வாருங்கள். மூன்று பேரோடு நிற்கும் மனு முப்பது பேரோடு போகட்டும். சிறுமியின் கையிலிருக்கும் தழும்புக்கு அவ்வளவாவது நாம் செய்ய வேண்டாமா?